முகர்ந்து பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்க்கிறோம்

போன வாரம் ஒரு நாள் இரவு, ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். கை தானாக அதைத் திருப்பியது, கண் அச்சடித்த தேதியைத் தேடியது. நேற்றோடு முடிந்திருந்தது. தொட்டியில் கொட்டப் போன நேரத்தில்தான் உறைத்தது, இதை நான் இன்னும் முகர்ந்தே பார்க்கவில்லை. முனையை வெட்டி மூக்கருகே கொண்டுபோனேன். நல்ல பாலுக்கே உரிய மெல்லிய வாசனைதான் வந்தது. அடுப்பில் வைத்தேன். திரியவில்லை. ஓரத்தில் நுரை கூடி, நடுவில் ஏடு சுருங்கி, பொங்கி மேலே வந்தது.

சின்ன விஷயம்தான். ஆனாலும் அன்று இரவு முழுக்க அது மனதைவிட்டுப் போகவில்லை. கெட்டுப்போன பாலை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும் மூக்கு முகத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, நான் பார்த்தே இராத யாரோ அச்சடித்த ஓர் எண்ணை எப்போதிலிருந்து நம்ப ஆரம்பித்தேன்?

நவீன மனிதர் உணவிலிருந்து விலகிவிட்டார் என்று பேசும்போது, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது' என்று அங்கலாய்ப்பார்கள். கேட்டுப் பாருங்கள், மாடு என்று சரியாகவே சொல்வார்கள். உணவைப் பற்றிய செய்தி நம்மிடம் முன்னெப்போதையும்விட அதிகம். புரதம் எவ்வளவு, கலோரி எவ்வளவு என்று கடகடவென்று ஒப்பிக்கிறோம். நம்மிடமிருந்து போனது வேறொன்று. கண், மூக்கு, விரல், காது இவற்றைக் கொண்டு ஒரு பொருளைத் தானே எடைபோடும் பழக்கம். அது யாரும் பறித்துக்கொண்டு போனதல்ல. ஒவ்வொரு துண்டாக நாமே கைமாற்றிக் கொடுத்தோம், பெரும்பாலும் நல்ல காரணங்களுக்காகவே.

முதல் துண்டு, சேமித்துவைக்கும் வேலை. உப்பிடுவது, உலர்த்துவது, புளிக்கவைப்பது, புகையூட்டுவது எல்லாம் ஒரு காலத்தில் வீட்டு வேலைகள். எப்போது உப்பு போதும், எந்த வாசனை நல்ல புளிப்பு, எது அழுகல் என்பதெல்லாம் செய்பவரின் புலன்களில் இருந்தது. 1795-ல் பிரெஞ்சு அரசு, படைகளுக்கான உணவு கெடாமல் இருக்க வழி சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்த் தயாரிப்பாளர் கண்ணாடிக் குப்பிகளில் உணவை இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்துக் காட்டினார். 1810-ல் 12,000 ஃபிராங்க் பரிசு அவருக்குக் கிடைத்தது. அது ஏன் வேலை செய்கிறது என்று அவருக்கும் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்துத்தான். அப்பேருக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பக்குவம். அந்தக் கைப்பக்குவம்தான் பிறகு தகர டப்பாவாகி, ஆலைக்குள் போய், நம் கையை விட்டு நீங்கியது.

அடுத்து வந்தது குளிர். 1882 பிப்ரவரியில் 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து சுமார் 5,000 ஆட்டு உடல்களை உறைநிலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 98 நாட்களில் லண்டன் போய்ச் சேர்ந்தது. இறைச்சி நன்றாகவே இருந்தது. உலகின் ஒரு மூலையில் அறுத்ததை மறுமூலையில் சமைக்கலாம் என்று ஆனபின், விளையும் இடத்துக்கும் தின்னும் இடத்துக்கும் இருந்த கயிறு அறுந்தது. பருவம் என்ற கயிறும் கூடவே போயிற்று.

பருவம் அறுந்ததைப் பார்க்க ஓர் ஆப்பிள் போதும். மரத்திலிருந்து பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சுவிடுகிறது. ஆக்ஸிஜனை எடுத்து, தன் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கரியமில வாயுவை விடுகிறது. அந்த மூச்சை மெதுவாக்கினால் முதுமையும் மெதுவாகும் என்று 1920-களில் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் காட்டினார்கள். இன்றைய கிடங்குகளில் காற்றுப் புகாத அறைக்குள் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்ஸிஜனை ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை குறைத்து, உறைநிலைக்குச் சற்று மேலே குளிரவைக்கிறார்கள். பழுக்கத் தூண்டும் எத்திலீனைப் பழம் உணராதபடி தடுக்கும் ஒரு வாயுவையும் செலுத்துகிறார்கள். இப்படித் தூங்கவைத்த பழம் பத்து மாதம் கழித்தும் கடித்தால் 'கறுக்'கென்று உடையும். இது ஏமாற்று வேலை இல்லை, அருமையான அறிவியல். ஆனால் 'கறுக்' என்ற அந்தச் சத்தம் ஒரு காலத்தில் 'இப்போதுதான் பறித்தது' என்று பொருள் தந்தது. இன்று அதற்கு அந்தப் பொருள் இல்லை. காது சரியாகத்தான் கேட்கிறது, கேட்டதை வைத்து எதையும் முடிவு செய்யத்தான் முடியவில்லை.

தக்காளி இதைவிடக் கொஞ்சம் வருத்தமான கதை. நெடுந்தூரம் போகும் தக்காளியைப் பச்சையாகப் பறிக்கிறார்கள். பழுத்ததைப் பறித்தால் வழியிலேயே நசுங்கிவிடும். சேரும் இடத்தில் எத்திலீன் வாயு காட்டினால் சிவக்கும். அதோடு போகவில்லை. காம்புப் பக்கம் கரும்பச்சைத் தோள் இல்லாமல், உடம்பெல்லாம் ஒரே சீராகச் சிவக்கும் செடிகளை வளர்ப்பாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தேர்ந்தெடுத்து வந்தார்கள். பெட்டியில் அடுக்கினால் அழகாக இருக்கும், எப்போது பறிக்கலாம் என்பதும் எளிதில் தெரியும். 2012-ல்தான் ஆய்வாளர்கள் அதன் விலையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கரும்பச்சைத் தோளை உண்டாக்கும் மரபணு, காயிலேயே ஒளிச்சேர்க்கையைக் கூட்டிச் சர்க்கரையைப் பெருக்கும் வேலையைச் செய்துவந்தது. தோளை எடுத்தபோது இனிப்பிலும் ஒரு பங்கு போய்விட்டது. கண்ணுக்காக நாக்கை விட்டுக்கொடுத்தோம், அதுவும் தெரியாமலே.

கண்ணும் காதும் இப்படிக் குழம்பிப் போனபின், தேதியை நம்புவதைத் தவிர என்ன வழி? அதனால் அந்தத் தேதி உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது, மீறக்கூடாது. 'இந்தத் தேதிவரை சிறப்பாக இருக்கும்' என்பது தரத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு பிஸ்கட் கொஞ்சம் நமுத்துப்போகலாம், அவ்வளவுதான். அமெரிக்காவிலோ குழந்தைகளுக்கான பால்பொடியைத் தவிர வேறெதற்கும் தேதி போட வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. பொட்டலத்தில் நாம் பார்க்கும் தேதிகளில் பல, தயாரிப்பாளர் 'இதுவரை என் பொருள் நான் நினைத்த ருசியில் இருக்கும்' என்று வைத்துக்கொண்ட கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நாம் கொட்டுகிறோம். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் வீணாகும் உணவில் பத்தில் ஒரு பங்குவரை இந்தத் தேதிக் குழப்பத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் 2018 ஆய்வு கணித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். மூக்கு எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. பாலைப் புளிக்கவைக்கும், கீரையை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் வாசனையால் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நோய் தரும் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் மணமும் நிறமும் மாறாத உணவிலும் இருக்கலாம். ஆகவே பாதுகாப்புத் தேதியை, அதுவும் சமைக்காமல் அப்படியே உண்ணும் இறைச்சி, மீன் போன்றவற்றில், மதிக்கத்தான் வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எங்கே அச்சை நம்புவது, எங்கே மூக்கை நம்புவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் அறிவு. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை.

சரி, அடுப்பங்கரைக்கு வருவோம். சமைப்பது மனிதரை மனிதராக்கிய வேலை என்று ஹார்வர்ட் மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம் வாதிடுகிறார். சிம்பன்சிகள் பச்சை உணவை மெல்லுவதற்கே ஒரு நாளில் ஆறு மணி நேரம்வரை செலவிடுகின்றன. நெருப்பு அந்த வேலையில் பாதியை வெளியிலேயே முடித்துத் தந்ததால் நம் குடல் சிறுத்தது, மூளைக்கு ஆற்றல் மிஞ்சியது என்பது அவர் கருத்து. எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நெருப்பின் தடயம் கிடைத்திருக்கிறது. அடுப்பு நமக்கு வெகு பழைய துணை.

அந்தத் துணையை இன்று ஏன் விட்டு விலகுகிறோம் என்றால், 'சோம்பேறித்தனம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நூற்றாண்டுகளாகச் சமையல் ஒரு வீட்டில் ஒருவர் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், கூலியில்லாமல் விழுந்த வேலை. விறகு சேர்ப்பது, தண்ணீர் சுமப்பது, தானியம் குற்றுவது, புகையில் கண் எரிவது எல்லாம் அதில் அடக்கம். இன்றும் உலகில் சுமார் 210 கோடிப் பேர் விறகு, சாணம், நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றில்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்தப் புகைக்குள் நின்றவரிடம் போய் பழைய சமையலின் பெருமையைப் பாடக்கூடாது. ஆலையும், டப்பாவும், மைக்ரோவேவும் அவருக்குக் கொடுத்த மூச்சு நிஜமானது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் சமையலை முழுதாகக் கைமாற்றிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல ஒரு வெங்காயம் வேண்டும்.

சன்னமாக நறுக்கிய வெங்காயத்தைச் சூடான எண்ணெயில் போடுங்கள். முதலில் ஈரமான, கரகரத்த இரைச்சல். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அது ஆவியாகும் சத்தம் அது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியில் உள்ளது 100 பாகையைத் தாண்டாது, ஆகவே சிவக்காது. துண்டுகள் தளர்ந்து கண்ணாடிபோல் ஆகும். பச்சை நெடி போய்விடும். அப்புறம் ஒரு கட்டத்தில் இரைச்சல் தணிந்து மெல்லிய படபடப்பாக மாறும். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வெங்காயம் காதில் சொல்கிறது. இனி வெப்பம் ஏறும். சுமார் 140 பாகையில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பாகும் அந்த வேதிவினை, 1912-ல் அதை விவரித்த லூயி கமீல் மயார் பெயரில் அழைக்கப்படுகிறது. வறுத்த காப்பிக்கொட்டைக்கும் ரொட்டியின் மேல்தோலுக்கும் மணம் தருவதும் அதுதான். ஓரம் பொன்னிறமாகும்போது ஒரு கை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கசப்பு. சமையல் குறிப்பு 'ஐந்து நிமிடம் வதக்கவும்' என்று போட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் அது முழுதாகச் சிவக்காது. அரை மணி நேரம்கூட ஆகலாம். அடுப்பு, சட்டி, வெங்காயத்தின் ஈரம் எல்லாம் வேறு வேறு. குறிப்பை எழுதியவருக்கு உங்கள் சட்டியின் சத்தம் கேட்காது, உங்களுக்குக் கேட்கும்.

நான் இருபது வயதுவரை அந்தச் சத்தம் மாறுவதைக் கவனித்ததே இல்லை. கற்றுத் தந்தவர் ஒன்றும் விளக்கவில்லை. 'கேளு' என்று மட்டும் சொன்னார். இப்படிப்பட்ட அறிவைப் பொட்டலத்தின் மேல் அச்சடிக்க முடியாது. அருகில் நிற்க வேண்டும், பல தடவை நிற்க வேண்டும். ஒரு தலைமுறை அடுப்பருகே நிற்கவில்லை என்றால், அடுத்த தலைமுறைக்குக் 'கேளு' என்று சொல்ல ஆள் இருக்காது.

சமையல் ஆலைக்குப் போனதால் வந்த வேறொரு மாற்றத்தை இப்போதுதான் அளந்து பார்க்கிறார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மோன்டேரோ 2009-ல், உணவை அதிலுள்ள சத்தை வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்றார். அவர் குழு பிறகு 'நோவா' என்று நான்கு பிரிவுகளாக வகுத்த முறையில் கடைசிப் பிரிவு, வீட்டு அடுப்பங்கரையில் இல்லாத பொருட்களால் ஆலையில் வடிவமைக்கப்பட்ட உணவுகள். 2019-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்து, இரண்டு வாரம் அப்படிப்பட்ட உணவும் இரண்டு வாரம் எளிமையாகச் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரு வகையிலும் ஏறக்குறைய சமம். வேண்டியதைச் சாப்பிடலாம், வேண்டாததை மிச்சம் வைக்கலாம். ஆலை உணவு தந்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் உண்டார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. சிறிய ஆய்வுதான், 20 பேர்தான். ஆனால் அதில் ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆலை உணவை அவர்கள் வேகமாக உண்டார்கள். மெல்லவேண்டிய தேவை குறைந்த உணவு, 'போதும்' என்று வயிறு சொல்வதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. கெட்டதை அறியும் மூக்கை விட்டோம் என்றேன். போதும் என்று அறியும் வயிற்றையும் விட்டுக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் இதே கதிதான். அக்கறை உள்ளவர்கள் பலர் 'எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது' என்று பார்த்து வாங்குகிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் பூமிக்கு ஆகும் சுமையை அந்த அளவுகோல் சரியாகக் காட்டாது. ஜோசஃப் பூரும் தாமஸ் நெமெச்செக்கும் 2018-ல் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தார்கள். பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு மிகச் சிறியது என்று அந்தக் கணக்கு காட்டுகிறது. என்ன விளைந்தது, எப்படி விளைந்தது, எந்த நிலத்தை அழித்து விளைந்தது என்பவையே பெரிய பங்கு. கப்பலில் வந்த பருப்பைவிட அடுத்த ஊர் மாட்டிறைச்சி பூமியைச் சூடாக்குவது பல மடங்கு. தூரத்தை ஸ்டிக்கரில் எழுதிவிடலாம், அதனால்தான் அதையே பிடித்துக்கொள்கிறோம். மண்ணில் என்ன நடந்தது என்று எழுத ஸ்டிக்கரில் இடம் இருக்காது.

கடையில் ஆயிரம் பொருள் இருக்கிறது. ஆனால் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019-ல் சொன்ன கணக்குப்படி, மனிதர் உணவுக்காகப் பயிரிட்ட தாவர இனங்கள் 6,000-க்கு மேல் இருந்தும், மொத்தப் பயிர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஒன்பது பயிர்களிலிருந்து வருகிறது. பொட்டலங்கள் பெருகப் பெருக வயல் ஒரே மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது. இதற்கு வாழைப்பழம் ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது. ஏற்றுமதிச் சந்தை முழுக்க குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தது. வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சை தோட்டம் தோட்டமாக அழித்து, 1960-களுக்குள் அந்த வணிகத்தையே முடித்தது. பதிலுக்கு வந்த கேவன்டிஷ் வாழையும் கன்றிலிருந்து கன்றாகப் பெருக்கிய ஒரே உடம்பின் நகல்கள்தான். அதைத் தாக்கும் புதிய பூஞ்சை வகை 2019-ல் கொலம்பியாவில் உறுதியானது. கையில் இருக்கும் பழத்தைப் பார்த்து இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மஞ்சளாக, அழகாக இருக்கிறது.

ஆட்களும் கண்ணிலிருந்து மறைந்தார்கள். 1991-ல் உலகில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ நான்கில் ஒருவர். 2007 வாக்கில் மனிதகுலத்தில் பாதிக்கு மேல் நகரவாசிகள் ஆனார்கள். விதைத்தவரை, பறித்தவரைத் தெரியாமலே ஒரு வாழ்நாள் முழுக்கச் சாப்பிட முடிகிறது. முகம் தெரியாதவர் உழைப்பைக் கொட்டுவது சுலபம். 2022-ல் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் சேர்ந்து வீணாக்கியது 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். நான் கொட்டப் போன அந்தப் பாலும் இந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை, திரும்பவும் முடியாது. காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் ஆலை 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கியிராவிட்டால், இன்று வாழ்வோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவு விளைந்திருக்காது. நானும் அந்தப் பாதியில் இருக்கலாம். ஆனால் கைமாற்றிக் கொடுத்ததில் ஒரு துண்டையாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் அல்ல. வாரத்தில் ஒரு நாள் நிதானமாக ஒரு வெங்காயம் வதக்குவது, பாலை முகர்ந்து பார்த்து முடிவு செய்வது, ஒரே பழத்தைப் பருவத்திலும் பருவம் தப்பியும் வாங்கி இரண்டையும் ருசித்து ஒப்பிடுவது. இவற்றுக்கு நிலமும் வேண்டாம், ஓய்வுபெற்ற வாழ்க்கையும் வேண்டாம்.

அந்தப் பால் விஷயம் நடந்த மறுநாள், பாக்கெட்டிலிருந்து ஒரு கைப்பிடி முழுப் பயறை எடுத்து இரவெல்லாம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். எட்டு வயது மகள் காலையிலும் மாலையிலும் துணியைப் பிரித்துப் பார்த்தாள். முதல் நாள் பயறு பருத்துத் தோல் வெடித்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு வால் எட்டிப்பார்த்தது. ஏழெட்டுப் பயறு மட்டும் முளைக்கவே இல்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அலமாரியைத் திறந்து, மீதி இருந்த பாக்கெட்டை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அப்போ இதுக்குள்ள இருக்கிறது எல்லாமே உயிரோடதான் இருக்கா?"